ஆப்பரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் என் கணவர்

பலகையில் பாடத்தின் பெயரை எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்கதவு வழியாக, கையில் காகித டீ கப்போடு, முதுகை வளைத்தபடி ஒருவர் உள்ளே வந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்.

என் கணவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சோறு அவர் காலடியில் வைத்த பைக்குள் இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஒரகடத்தில், தான் வேலை பார்க்கும் கம்பெனியில், நிறுத்திப்போட்ட உற்பத்தி லைனைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பல ஞாயிறுகளைப் போல அன்றும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. கப்பை பெஞ்சுக்குக் கீழே வைத்தார். நோட்டை எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார். பிறகு நிமிர்ந்தார்.

கல்யாணமாகி நாலு வருஷம். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததேயில்லை. மூடி வாயிலேயே இருந்தது. என் கையில் இருந்த மார்க்கர் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். "தேங்க்ஸ்மா" என்று சொன்னேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

போன் வந்த காலை

சென்ற இதழில், இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர்கள் பாதிப் பருவத்தில் காணாமல் போவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, வகுப்பில் நின்றுகொண்டு பேச்சே வராமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா என்று கேட்டிருந்தார். பேச்சு வராமல் போயிருந்தால் எவ்வளவோ தேவலை. அன்று எனக்குப் பேச்சு நிற்கவே இல்லை.

நான் அப்போது வாரநாட்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். குடியிருந்தது படப்பையில். அந்த ஞாயிறு அவர் கிளம்பிப் போன பிறகு, துணியை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எம்.இ. படித்தபோது எனக்கு சீனியராக இருந்த அக்கா. வல்லம் வடகால் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் துறைத் தலைவி. வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்கிறவர்களுக்கு அங்கே வார இறுதியில் வகுப்பு நடக்கும்.

"புனிதா, கைவிட்டுடாத. ஓ.எஸ். எடுக்கறவரு ஐ.டி. கம்பெனிக்குப் போயிட்டாரு. இனிமே வரமாட்டேன்னு மெயில் போட்டிருக்காரு. பசங்க வந்து உக்காந்திருக்காங்க. இன்னிக்குப் பாடத்தை ஆரம்பிச்சு மட்டும் வெச்சிடு."

ஓ.எஸ். என்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டம். நான் வருஷா வருஷம் எடுக்கிற பாடம். தயாரிப்பு எதுவும் தேவையில்லை. ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன் அவருக்கு வாட்ஸ்அப்பில், "ஒரு கிளாஸ் இருக்கு, போயிட்டு வந்துடறேன். சாவி எதிர் வூட்ல" என்று போட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றது. கம்பெனிக்குள் போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால் நான் எதுவும் நினைக்கவில்லை.

அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் மூன்று பக்கமும் கிடங்குகள். நான்காவது பக்கம் இன்னும் கொஞ்சம் வயல். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகள் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் விடாமல் கேட்கும். ஆசிரியர் வராததால் பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இருந்தவர்களிடம், "ஒவ்வொருத்தரா எழுந்து பேர், படிப்பு, வேலை மூணையும் சொல்லுங்க. மத்தவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினேன்.

முதல் வரிசை சொல்லத் தொடங்கியது. அப்போதுதான் அந்தப் பின்கதவு திறந்தது.

வரிசை நெருங்கியது

அதிர்ச்சியில் மனசு என்னென்னவோ காரணம் கண்டுபிடிக்கும். ப்ரொஜெக்டர் ரிப்பேருக்கு வந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். அப்படியென்றால் நோட்டு எதற்கு? நண்பன் யாருக்காவது பதிலாக வருகைப்பதிவு போட வந்திருப்பார் என்று நினைத்தேன். அது தப்பு என்றாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தப்பு. அதையே இறுகப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் தணிகைவேல் பி.இ. எலக்ட்ரிக்கல். கம்பெனியில் மெயின்டெனன்ஸ் என்ஜினியர். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் தங்க எழுத்தில் பி.இ. இருந்தது, என் பெயருக்குப் பக்கத்தில் எம்.இ. இந்த வகுப்பில் சேர வேண்டுமென்றால் டிப்ளமா முடித்திருக்க வேண்டும். பி.இ. முடித்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார வேண்டிய அவசியமே கிடையாது.

"எம்பேரு இசக்கியம்மாள், மேடம். நாங்குநேரிப் பக்கம். பாலிடெக்னிக் முடிச்சிருக்கேன். இங்கன செல்போன் கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன்." மார்க்கரை எடுத்துக் கொடுத்த பெண்தான்.

அடுத்து ஒரு பையன். அடுத்து இன்னொருவன். இரண்டாவது வரிசை முடிந்தது. "போதும், பாடத்துக்குப் போகலாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வரிசை அங்கேயே நின்றிருக்கும். சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்ல விருப்பமில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. மூன்றாவது வரிசை எழுந்தது, உட்கார்ந்தது. நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் காதில் விழவில்லை. லாரியின் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எழுந்தார். பேனா மூடியைச் சட்டைப் பையில் போட்டார்.

"பேரு தணிகைவேல், மேடம்."

என்னை மேடம் என்றார்.

"டிப்ளமா எலக்ட்ரிக்கல். ஒரகடத்துல ஒரு கம்பெனில டெக்னீஷியன்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். அடுத்தவர் எழுந்தார்.

ஓடிக்கொண்டே இருந்த பாடம்

முதல் நாள் இந்தப் பாடத்தை நான் எப்போதும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன். அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். பழக்கம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

"உங்க போன்ல பாட்டு ஓடுது. மேப் வழி காட்டுது. நடுவுல வாட்ஸ்அப் மெசேஜ் வருது. பின்னாடி உங்களுக்குத் தெரியாம இன்னும் நூறு வேலை நடக்குது. உள்ள இருக்கற சிப்ல வேலை செய்யற கோர் நாலோ எட்டோதான். எப்படி எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது?"

யாராவது ஒருவர், ரொம்ப வேகமாக நடக்கிறது மேடம் என்பார். ஆமாம், ஆனால் அது மட்டும் போதாது என்பேன். ஒவ்வொரு வேலைக்கும் கண் இமைப்பதற்குள் தீர்ந்துபோகிற ஒரு சின்ன அவகாசம். அது முடிந்ததும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அடுத்தது வரும். யார் அடுத்து, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வதற்கு ஒருவர் வேண்டுமல்லவா. ஒரகடம் கூட்டுரோட்டில் சிக்னல் வேலை செய்யாத நாளை நினைத்துப் பாருங்கள் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒருவர் மட்டும் சேரவில்லை என்பது பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

நினைவகத்தைப் பங்கு போடுவது, கோப்புகளைப் பாதுகாப்பது, பிரின்டர் மாதிரி ஒரே ஒரு பொருளுக்கு நாலு பேர் நிற்கும்போது ஒழுங்குபடுத்துவது, இதெல்லாம் அதே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பு. பருவம் முழுக்க நாம் படிக்கப்போவது இந்த முடிவுகளை அது எப்படி எடுக்கிறது என்பதைத்தான். இதையெல்லாம் சொன்னேன். பலகையில் படம் போட்டேன். கோடு நேராகவே வந்தது.

இசக்கியம்மாள் கையைத் தூக்கினாள். "மேடம், ஒரு வேலையப் பாதில விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போகுதுன்னு சொல்லுதீங்க. திரும்பி வரும்போது விட்ட எடம் அதுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. வழக்கமாக மூன்றாவது வாரம்தான் யாராவது கேட்பார்கள். "விடறதுக்கு முன்னாடி, எங்க நின்னோம், கையில என்ன வெச்சிருந்தோம்னு எல்லாத்தையும் ஒரு எடத்துல குறிச்சு வெச்சிட்டுத்தான் போகும். திரும்பி வந்ததும் அதைப் படிச்சுப் பாத்துட்டு அங்கேருந்தே தொடரும். நிறுத்தினதே அந்த வேலைக்குத் தெரியாது" என்றேன்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான்காவது வரிசையில் அவரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் கணவர் நான் சொல்வதை என் கண் முன்னால் நோட்ஸ் எடுக்கிறார். வீட்டில் நான் பாடம் தயாரிக்கும்போதெல்லாம் சமையலறைக்குப் போய்விடுகிறவர். "உங்க காலேஜ்ல ஓ.எஸ். இருந்துச்சா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "எலக்ட்ரிக்கல்ல அதெல்லாம் ஏது" என்று டிவி சத்தத்தைக் கூட்டியவர்.

வண்டி நிறுத்துமிடம்

வகுப்பு முடிந்து வந்தபோது அவர் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"எப்போலேந்து?" என்று கேட்டேன்.

"போன வருஷம் சேந்தேன். முடிச்சிட்டு சொல்லலாம்னு..."

"அதைக் கேக்கல. எப்போலேந்து நீங்க பி.இ. இல்ல?"

பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "எப்பவுமே இல்ல, புனிதா."

அதைத்தான் சொல்வார் என்று ஒரு மணி நேரமாக எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அவர் வாயால் கேட்டபோது ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சீட்டு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"நாலு வருஷமா என்கூட இருந்திருக்கீங்க. தெனமும் என் மூஞ்சியப் பாத்திருக்கீங்க. எங்கப்பாவை ஏமாத்தி ஒரு கல்யாணம் பண்ணிக்கினு..."

"உங்கப்பாவுக்குத் தெரியும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு டிப்ளமாதான், பொண்ணுகிட்ட சொல்லிடுங்கன்னேன். நான் பாத்துக்கறேன்னாரு. பத்திரிகை கைக்கு வந்தப்போதான் எனக்கே தெரியும், அதுல இன்னா போட்டிருக்குன்னு."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்" என்றார். காரணம் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வாலாஜாபாத்

வீட்டுக்குப் போகவில்லை. ஒரகடம் வழியாக நேராக வாலாஜாபாத். அங்கேதான் அப்பா தனியாக இருந்தார். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் பெண் பார்த்த நாள்தான் கண்ணில் வந்தது. அவர் வந்து உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காலேஜ்?" அவர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பாதான், "மெட்ராஸ் பக்கம்மா" என்று பதில் சொன்னார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தக் கணத்தில்தான்.

அப்பா சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னாம்மா இந்த வெயில்ல? மாப்ள வரலையா?"

"அவரு பி.இ. இல்லன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது என்று சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். என் கணவர் சொல்வதுதான் பொய் என்று முடிவுகட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று ஏதோ ஒரு மூலையில் ஆசை. அப்பா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"சொல்லிட்டானா" என்றார்.

உட்காரச் சொல்லிப் பாயில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"பி.இ.க்குக் கீழ வேணாம்னு நீதான் சொல்லிக்கினு இருந்த. பி.இ. படிச்சவன்லாம் உன்ன எம்.இ.ன்னதும் பின்வாங்கிட்டான், இல்லன்னா கேக்கறத நம்மால குடுக்க முடியல. இந்தப் பையன் வந்தான். குடிக்கமாட்டான், வேலை நெலையா கீது. மொத நாளே உள்ளத சொன்னான். அப்படி ஒருத்தன விடச் சொல்றியா?"

"உள்ளத சொன்னவன் பேருக்குப் பின்னாடி இல்லாததப் போட்டது யாரு?"

"ஊர்ல இன்னா பேசுவாங்கன்னுதான்மா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா வேணாம்னிருப்ப."

ஃபேன் டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கமாட்டேன். அது தெரிந்துதான் அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்று என்னைச் சொல்ல விடாமலே என்னைத் தாண்டிப் போயிருக்கிறார். எல்லா ஊர்த் தகப்பன்மாரும் பண்ணுகிற காரியம் என்று அவர் முகம் சொன்னது. அது என்னை அடித்த மாதிரி இருந்தது. கணவர் மறைத்தார் என்று தெரிந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போம்மா" என்று பின்னால் குரல் கேட்டது. நான் வண்டியை எடுத்துவிட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு

அந்த வாரம் வீட்டில் அவர் ஹாலில் படுத்தார். பால் வாங்கி வைப்பது, கேஸ் மாற்றுவது எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் இல்லை.

சீனியர் அக்காவுக்கு போன் செய்து, உங்கள் வகுப்பில் ஒரு மாணவர் என் கணவர் என்று சொன்னேன். "அவரு இங்க படிக்கறது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்காததற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். என் கணவருடைய விடைத்தாள்களை வேறொரு ஆசிரியர் திருத்துவது என்று ஏற்பாடு ஆயிற்று. பருவம் முழுக்க நானே பாடம் எடுப்பதாக ஒப்புக்கொண்டேன். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிறும் வந்து உட்காருகிறவர்களை என் வீட்டுக் கதைக்காக நடுவில் விட முடியாது.

ஞாயிறு காலை, அவர் கிளம்பாமல் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலியா?"

"நீ எடுக்கற கிளாஸ்ல நான் எப்படி உக்கார்றது?"

"மத்தவங்க எப்படி உக்கார்றாங்களோ அப்படி."

என்னைப் பார்த்தார். "வூட்டுல?"

"அது வேற. அதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல."

தனித்தனி வண்டியில்தான் போனோம். கூட்டுரோட்டு சிக்னலில் அவர் பைக் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பருவத்தின் நடுவில் ஒருநாள் வகுப்பில் அவர் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டார். தப்பான கேள்வி, அடிப்படையே புரியாமல் கேட்ட கேள்வி. மற்றவர்களுக்கு விளக்குகிற மாதிரியே விளக்கினேன். புரிந்ததா என்று கேட்டதற்கு, "இல்ல மேடம்" என்றார். வகுப்பே சிரித்தது. மறுபடியும் விளக்கினேன். என்னிடம் ஒன்றைத் தெரியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு வந்ததும் நான்தான் முதலில் பேசினேன். சண்டைதான். ரொம்ப நேரம் போட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஹாலில் படுக்கவில்லை.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் பாஸ் ஆகிவிட்டார். கணக்கில் ஒரு பேப்பர் அரியராக நின்றுவிட்டது.

அப்பாவிடம் மட்டும் என்னால் பேச முடியவில்லை. மாதக்கணக்கில் அப்பா கூப்பிடும்போதெல்லாம் என் கணவரே போனை எடுத்து, "நல்லா இருக்கா மாமா" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பார்.

பந்தியில்

அதற்கடுத்த தை மாதம், மணிமங்கலத்தில் என் நாத்தனார் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்பாவும் வந்திருந்தார். ஆட்கள் குறைவு என்பதால் பந்தியில் நானும் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் கணவரும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், யாரோ தூரத்து உறவு, அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு காலேஜ்ல பாடம் நடத்துதாமே. மாப்ள இன்னா படிச்சிருக்காரு?"

அப்பா வாயில் இருந்த சோற்றை மென்றுகொண்டே பதில் சொல்லத் தொடங்கினார். "அவரும் என்ஜினியர்..."

"டிப்ளமாங்க" என்றார் என் கணவர். சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற மாதிரி. "டெக்னீஷியனா கீறேன். இப்பதான் பி.இ. படிச்சிக்கினு இருக்கேன். ஒரு பாடம் இவங்கதான் எடுத்தாங்க."

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொண்டாட்டிகிட்டயே படிக்கிறியா?" பந்தியில் ரெண்டு வரிசையும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. இலையைப் பார்த்தபடி இருந்தார். காது மடல் சிவந்திருந்தது. என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையை முடிவு செய்த மனிதர், பார்க்கப்போனால் சோற்றில் கை வைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவர். இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை மனசில் ஏறவில்லை.

மோர் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"கொஞ்சம் போதும்மா" என்றார், தலையைத் தூக்காமல்.

"எவ்ளோ வேணும்னு பாத்து சொல்லுங்க" என்றேன். மாதக்கணக்கில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் ஊற்றாமல் நின்றேன்.